சிவப்பு பஸ் வரவில்லை

அந்த ஊரில் ஓடிய வண்டிகள் மொத்தமே மூன்று. ஒரு சிவப்பு பஸ், ஒரு லாரி, ஒரு வெள்ளைக் கார். பார்த்துவிட்டுப் போனவர்களைக் கேட்டால், முப்பதுக்குக் குறையாது என்று அடித்துச் சொல்வார்கள். ஊரின் நீளம் பத்தடி, அகலம் நாலடி. ஒரு வீட்டின் பின்னறையில், மேசை மேல் அது இருந்தது. அந்த ஊருக்கு நகரசபைத் தலைவர், போக்குவரத்து அதிகாரி, மின்சார இலாகா, குப்பை அள்ளுகிறவர் எல்லாம் ஒரே ஆள். தெருவில் அவரை லிஃப்ட்காரர் என்பார்கள்.

லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்களை மேலே ஏற்றி, கீழே இறக்கி, நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுத்துவிட்டார். ஆனால் அவர் தன் வீட்டில் மாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டவர். காரணம் கேட்டால், "எதுக்கு? மேல போனா கீழ வரணும்," என்பார். பஸ்ஸில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும், காரில் ஏறினால் வயிற்றைப் புரட்டும். வேலைக்குக் கடைசிவரை சைக்கிளில்தான் போனார். இப்படிப்பட்டவர்தான் ஓய்வு நேரமெல்லாம் வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தார். தான் ஏறாமல் வண்டி ஓடினால் அவருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

ஊர் அவர் கைக்கு வந்த கதை எளிது. மூடப்போகிற ஒரு பழைய பொம்மைக் கடையின் லிஃப்ட்டைக் கழற்ற அவரை அனுப்பினார்கள். கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள், அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு தகர ரயில் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன், கேட், குகை, அட்டையும் சுண்ணாம்பும் குழைத்துச் செய்த மலை. லிஃப்ட்டைக் கழற்றி முடித்ததும் கடைக்காரர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"இதையும் கழட்டிடுங்க. குப்பைக்குத்தான்."

"கழட்டறேன். குப்பைக்குப் போற வழியில எங்க வீடு இருக்கு."

கடைக்காரர் சிரித்தார். பிறகு ஆணி, திருகு எதுவும் சிந்தாமல் நாலு பெட்டியில் கட்டிக்கொடுக்க அவரே கூட நின்றார். கடைசிப் பெட்டியை மூடும்போது ரயில் எஞ்சினை ஒரு தரம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "ஓட வைங்க, சும்மா அலமாரில வச்சிடாதீங்க," என்று மட்டும் சொன்னார். லிஃப்ட்காரர் அந்த மனிதரைப் பிறகு பார்க்கவேயில்லை. ஆனால் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் ஒவ்வொரு முறையும் அவரை நினைத்துக்கொள்வார். முப்பது வருஷமாக எண்ணெய் விடுகிறார்.

பெட்டிகள் வீட்டுக்குள் வந்தபோது மனைவி கேட்டாள். "என்னது இது?"

"ஊரு."

"வேலைக்குப் போனவர் ஒரு ஊரையே தூக்கிட்டு வந்திருக்கீங்களே, அவங்க தேட மாட்டாங்களா?"

அவள் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள். அங்கே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டம். அவள் மேசைக்கு வந்த தாளில் பிழை தப்பியதில்லை. ஊரை மேசை மேல் பூட்டி, ரயிலை ஓடவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து அவர் நின்றபோது, அவள் அரைமணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ரயில் ஓடுது, சரி. ரோட்டுல ஏன் ஒரு வண்டிகூட இல்ல? கடையடைப்பா?"

அன்றிலிருந்து ரோடு அவர் பாடு.

முதல் வித்தையை லிஃப்ட்டே அவருக்குக் கற்றுக்கொடுத்தது. லிஃப்ட்டுக்கு வெளியே காத்திருக்கிறவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். நாலாம் எண் அணையும், மூன்று எரியும். மூன்று அணையும், இரண்டு எரியும். "வருது வருது" என்பான். உண்மையில் அங்கே எதுவும் வரவில்லை. ஒரு பல்பு அணைகிறது, பக்கத்துப் பல்பு எரிகிறது, அவ்வளவுதான். லிஃப்ட்காரர் மலைப்பாதையில் இருபத்திரண்டு சின்ன பல்புகளைப் புதைத்து, கழித்துப்போட்ட லிஃப்ட்டின் பழைய ஸ்விட்ச் உருளையோடு இணைத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டால், யாரோ ஒருவர் காரில் மலையேறிப் போவதைப் பார்க்கலாம். கார் கிடையாது. யாரோ ஒருவரும் கிடையாது.

இரண்டாவது, முன்பக்க ரோடு. பலகைக்கு அடியில் ஒரு நீள பெல்ட். அதில் மூன்று காந்தங்கள், மேலே அவற்றின் பின்னால் இழுபட்டு வரும் மூன்று வண்டிகள். வலது கோடியில் வளைவைத் தாண்டி வெளியே வந்து, ரோடு முழுக்க ஓடி, இடது கோடியில் சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் மறைந்து, மலைக்குப் பின்புறமாகத் திரும்பி மறுபடி வலதுபக்கம் வரும். இதில் குற்றம் கண்டுபிடித்ததும் மனைவிதான். "ஒரே பஸ்ஸு திரும்பத் திரும்ப வருதுன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். நெத்தில நம்பர மாத்துங்க." அவர் பஸ்ஸின் நெற்றியில் ஆறு பட்டை கொண்ட உருளை ஒன்றை வைத்தார். மலைக்குப் பின்னால் ஓர் ஆணி அதைத் தட்டிவிடும். பஸ் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு எண்ணோடு, வேறு ஊரிலிருந்து வருவதுபோல நிமிர்ந்து வந்தது.

"எப்படித் தோணுச்சு உனக்கு?" என்று அவர் கேட்டதற்கு அவள் பதில்: "புரூஃப் பாக்கத் தெரியாதவன் தாள்ல இருக்கறதப் படிக்க மாட்டான். இருக்க வேண்டியதப் படிப்பான். உலகத்துல முக்காவாசிப் பேர் அப்படித்தான். உங்க பஸ்ஸு அவங்கள நம்பித்தான் ஓடுது."

முப்பது வருஷம் இப்படிப் போனது. மகள் அந்த மேசைக்கடியில் தவழ்ந்து, பள்ளிக்கூடம் போய், படித்து, வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்தாள். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றார். மனைவி அச்சகத்தை விட்டாலும் அச்சகம் அவளை விடவில்லை. புரூஃப் கட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலை, கையில் தாளோடு உட்கார்ந்திருந்தவளின் இடது கையிலிருந்து தாள் நழுவியது. அவள் அதை எடுக்கவில்லை. நழுவியதே அவளுக்குத் தெரியவில்லை.

பக்கவாதம் என்றார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. உயிருக்குப் பயமில்லை, நடப்பாள், பேசுவாள், கையும் தேறிவிடும் என்றார் டாக்டர். பேச்சு தேறிவிட்டது என்பதில் லிஃப்ட்காரருக்குச் சந்தேகமே இல்லை. கண் விழித்ததும் அவள் கட்டிலின் தலைமாட்டு அட்டையில் வயது தப்பாக இருப்பதைத்தான் சொன்னாள். ஆனால் இன்னொன்று இருந்தது.

"கண்ணுல கோளாறு இல்லைங்க," என்றார் டாக்டர். "கண்ணு பாக்குது. மூளைதான் இடதுபக்கத்தக் கணக்குல எடுத்துக்க மாட்டேங்குது. அவங்களைப் பொறுத்தவரைக்கும் அந்தப் பக்கம்னு ஒண்ணு கிடையாது. இல்லைங்கறதும் அவங்களுக்குத் தெரியாது."

இது என்ன என்று வீட்டுக்கு வந்த முதல் நாளே புரிந்தது. தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடுங்க, பசி அடங்கல," என்றாள். மீதிப் பாதி தட்டிலேயே இருந்தது. அவர் தட்டை அரைச்சுற்றுத் திருப்பிவைத்தார்.

"இத மொதல்லயே போட்டிருக்கலாம்ல? கேட்டுக் கேட்டுத்தான் வாங்கணுமா இந்த வீட்டுல?"

செய்தித்தாளைப் பிடித்தாள். வரிகளை நடுவிலிருந்து படித்தாள். இரண்டு பத்தியோடு மடித்து வைத்துவிட்டாள். "இவங்களுக்கு என்ன வந்துச்சு? தலையுமில்லாம வாலுமில்லாம அடிச்சு வச்சிருக்காங்க. புரூஃப் பாக்க ஆளே வைக்கலபோல." அச்சகத்திலிருந்து வந்திருந்த கட்டை அவர் அலமாரிக்கு மேலே ஒளித்துவைத்தார். அதைப் பார்த்தால் அவள் தன் தொழில் திறமையைத்தான் முதலில் சந்தேகிப்பாள், அதை அவரால் தாங்க முடியாது என்று நினைத்தார்.

அவளுக்கு இடதுபக்கம் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். அவள் சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவாள். "எங்க போய்ட்டீங்க? ஒரு மணி நேரமா ஆளையே காணோம்." அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு, "இங்கதான் இருக்கேன்," என்பார். வாழ்நாள் முழுக்கப் பிறர் கண்ணுக்கு இல்லாததை இருப்பதாகக் காட்டியவர், இப்போது இருந்தும் இல்லாதவராக இருந்தார்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பெண் சின்ன வயது. ஆனால் அதட்டலில் மூத்தவள். "அவங்க தலை தானா இடதுபக்கம் திரும்பணும் ஐயா. நீங்க பிடிச்சுத் திருப்பினா பிரயோஜனம் இல்ல. வலதுலேருந்து இடதுபக்கம் மெதுவா நகர்ற மாதிரி எதையாவது காட்டுங்க. கண்ணு அது பின்னாலயே போகணும். இந்த நாலஞ்சு மாசத்துல எவ்வளவு திரும்புதோ அவ்வளவுதான். அப்புறம் கஷ்டம்."

"வலதுலேருந்து இடதுக்கு," என்று அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே சமயத்தில் வந்தன. முப்பது வருஷமாகப் பின்னறையில் அதைத்தானே ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

மறுநாளே அவளை ஊருக்கு முன்னால், நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பெல்ட் சுற்றியது. வலது வளைவிலிருந்து பஸ் வந்தது. அவள் கண் அதன் பின்னாலேயே வந்தது. ரோடும் தண்டவாளமும் சந்திக்கும் கேட் மேசைக்கு மத்தியில் இருந்தது. பஸ் கேட்டைத் தாண்டியது. அவள் கண் கேட்டோடு நின்றது. நின்று, சாவகாசமாக வலது வளைவுக்குத் திரும்பிப் போய்விட்டது, அடுத்து வருகிற லாரியை எதிர்கொள்ள.

"பஸ்ஸ பாரு," என்றார்.

"பாத்தேனே."

"போகுதே, பாரு."

"போனா வரும். எங்க போயிடப் போகுது? மலைக்குப் பின்னால சுத்திட்டு வேற நம்பரோட வரும். நான் சொல்லித்தானே செஞ்சீங்க?"

இங்கேதான் சிக்கல். தெருவில் உள்ள குழந்தைகள் அத்தனை பேரையும் ஏமாற்றிய ரோடு, ஏமாற்ற வேண்டிய ஒரே ஆளை ஏமாற்றவில்லை. மூன்று வாரம் அவர் என்னென்னவோ செய்தார். பஸ்ஸுக்கு மஞ்சள் பட்டை அடித்தார். சினிமாக் கொட்டகையில் பல்பு போட்டார். இடது கோடியில் ஒரு மணி கட்டினார். மணி அடித்ததும் அவள் வலதுபக்கம் பார்த்து, "பக்கத்து வீட்டுல யாரோ வந்திருக்காங்கபோல," என்றாள்.

இந்த அமளியில் அவர் ஒரு வேலையைத் தள்ளிப்போட்டிருந்தார். பெல்ட் தளர்ந்திருந்தது. தொழிலில் இருந்த காலத்தில் ஒரு கயிறு, ஒரு பெல்ட் என்று எதையும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அவர் விட்டதே இல்லை. இதை மட்டும் ஆஸ்பத்திரிக்கு முன்பிருந்தே, "நாளைக்கு, நாளைக்கு," என்று விட்டுவைத்திருந்தார்.

ஒரு காலையில் அந்த பெல்ட், கேட்டைத் தாண்டிய வளைவில் தொய்ந்து பஸ்ஸின் காந்தத்தைக் கீழே இறக்கியது. பஸ் பிடி விட்டு நழுவி, ஓரமாகப் போய், மருந்துக் கடைச் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. லாரி அதை உரசாமல் தாண்டிப் போனது. கார் போனது. பிறகு மறுபடி லாரி வந்தது.

மனைவி நிமிர்ந்தாள். "பஸ் எங்க?"

லிஃப்ட்காரரின் கை தானாக மேசைக்கடியில் போனது. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். நின்றுபோனதைப் பார்த்தால் அவர் கைக்கு அவருடைய அனுமதி தேவையில்லை. பாதி வழியில், என்ன நினைத்தாரோ, அந்தக் கையை இழுத்து மற்றொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"வரும்," என்றார்.

"என்ன வரும்? பஸ், லாரி, கார். அதுதான் வரிசை. லாரி ரெண்டு தடவ வந்துடுச்சு. நடுவுல பஸ்ஸக் காணோம்." வலது வளைவை முறைத்தாள். கார் வந்தது. மறுபடி லாரி வந்தது. ஒரு வரி விட்டுப்போன பக்கத்தைப் பார்ப்பதுபோல அவள் முகம் கடுகடுத்தது. "மூணாவது தடவ. நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கீங்களே?"

"எனக்கும் தெரியலையே."

அவள் கண் லாரியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தது. கேட்டில் நின்றது. பிறகு, தயங்கித் தயங்கி, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவர் மாதிரி, கேட்டைத் தாண்டியது. தபால் நிலையம். வங்கி. கழுத்து மெல்லத் திரும்பியது. கடிகாரக் கம்பம். மருந்துக் கடை.

"தோ நிக்குது பாருங்க, செவத்துல முட்டிக்கிட்டு! கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

லிஃப்ட்காரர், "ஆமா, எனக்குத் தெரியல," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். கொஞ்ச நேரம் தண்ணீர் சும்மா ஓடியது. வாழ்க்கையில் அவர் எத்தனையோ பேரிடம், "பழுது பாத்துட்டேன்," என்று சொல்லி நன்றி வாங்கியிருக்கிறார். பழுதுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. திரும்பி வந்து, யாரும் பார்க்காதபோது, மேசைக்கடியில் கையை விட்டு அந்தத் தொய்ந்த பெல்ட்டை இரண்டு தரம் தட்டிக்கொடுத்தார்.

சங்கதி அவருக்குப் புரிந்துவிட்டது. ஓடுகிற எதுவும் அவளைத் திருப்பாது. அது ஓடும் என்று அவளுக்குத் தெரியும். பிழை ஒன்றுதான் அவளைத் திருப்பும். ஆகவே முப்பது வருஷம் ஒரு பிசிறு இல்லாமல் வைத்திருந்த ஊரில், அன்று முதல் அவர் பிழை வைக்கத் தொடங்கினார்.

பயிற்சிக்கு வரும் பெண்ணிடம் மட்டும் ரகசியத்தைச் சொன்னார். அவள் கண்ணை அகல விரித்தாள். "நீங்க கெட்டிக்காரர் ஐயா."

"நான் இல்லம்மா. பெல்ட்டுதான் கெட்டிக்காரன்."

"அவங்களுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா இதையும் வித்தைன்னு விட்டுடுவாங்க."

முதலில் கேட்டை ஒட்டியே வைத்தார். தபால் நிலையக் கூரை மேல் ஒரு நாய். அடுத்து வங்கியின் கடிகாரம் தலைகீழாக. பிறகு மலைப்பாதையில் ஏழாவது பல்பின் கம்பியைப் பிடுங்கிவிட்டார். ஏறிக்கொண்டிருந்த கார் ஆறிலிருந்து எட்டுக்குத் தாவியது. ஒவ்வொரு நாளும் பிழை இரண்டு விரற்கடை இடதுபக்கம் நகர்ந்தது. சுலபமான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். சரியாகச் செய்யப் பழகிய கைக்குத் தப்பாகச் செய்வது தண்டனை. கடிகாரத்தைத் தலைகீழாக ஒட்டும்போதுகூட அவர் அதைச் சுவருக்கு நேராக, அளவு பார்த்துத்தான் ஒட்டினார்.

அவளோ விட்டாளில்லை. "உங்களுக்கு என்ன ஆச்சு? நேத்து நாயி, இன்னைக்குக் கடிகாரம். கை நடுங்குதா?"

"வயசாகுதுல்ல."

"வயசானா நாய் கூரைமேல ஏறுமா?"

பிழைகளை எழுதிவைத்தால்தான் இவர் திருத்துவார் என்று அவளே ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். முதல் நாள் தாளை அவர் பத்திரமாக எடுத்து வைத்தார். எழுத்தெல்லாம் வலது ஓரத்தில், கூட்ட நெரிசலில் பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்துகிடந்தது; தாளின் முக்கால் பாகம் வெள்ளை. பத்தாம் நாள் தாளில் எழுத்து நடுவுக்கு வந்திருந்தது. இருபதாம் நாள் நடுவைத் தாண்டியது. வரி தொடங்கும் இடத்தை அவர் தினமும் அளவுகோலால் அளந்தார். மில்லிமீட்டர் கணக்கில் யாராவது சந்தோஷப்பட முடியும் என்றால் அது அவர்தான்.

இதற்கிடையில் மனைவி மகளிடம் போனில் பேசினாள். "உங்கப்பாவுக்கு ஏதோ ஆயிடுச்சுடி. எனக்கு வந்த மாதிரி அவருக்கும் மண்டைல ஏதாவது இருக்கும். கைவேல போச்சு. தினம் ஒரு தப்பு. நேத்து லாரியில பின்சக்கரமே இல்ல, இவர் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டிருக்கார்."

மகள் அவரைத் தனியாகப் போனில் கூப்பிட்டாள். "அப்பா, டாக்டரப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"மறக்குதாப்பா? உண்மையச் சொல்லுங்க."

மகளிடமாவது சொல்லலாம். ஆனால் அவள் வாய் அம்மா வாய்; பத்து நிமிஷத்தில் செய்தி வந்து சேர்ந்துவிடும். "கொஞ்சம் மறக்குதும்மா," என்றார் லிஃப்ட்காரர். ஓர் அடுக்குமாடி முழுவதும் இவர் வந்தால்தான் லிஃப்ட் ஓடும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது சொந்த வீட்டிலேயே கை போன ஆள் என்று பெயர். அந்தத் திட்டை அவர் காலையில் முதல் காபியைப்போல எதிர்பார்த்தார். திட்டு இடதுபக்கம் பார்த்து வந்தது என்பதால் அதில் இனிப்பு அதிகம்.

நாற்பத்தோராம் நாள். அன்று மூன்று பிழை வைத்திருந்தார், கடைசி ஒன்று சினிமாக் கொட்டகைக்கு ஓரடி முன்னால். அவள் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து, தாளை நீட்டினாள். எழுத்து இடது ஓரத்திலிருந்து தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரற்கடை விளிம்பு விட்டு, ஒழுங்காக. அவருக்குத் தாளைப் படிக்கவே தோன்றவில்லை. விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிங்க."

படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் அவர் வைத்தவை. கீழே நாலாவதாக ஒன்று இருந்தது.

"சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்துல பஸ் ஸ்டாப். அங்க கையில ரெண்டு பையோட ஒரு பொம்பள நிக்கிறா. பஸ் ஒருநாளும் நின்னதில்ல."

அவர் குனிந்து பார்த்தார். ஊரின் இடது விளிம்பில், பொம்மைக் கடைக்காரர் காலத்திலிருந்தே ஒட்டியிருந்த கட்டைவிரல் நகமளவு தகரப் பொம்மை. பஸ் வரும், அவளைத் தாண்டும், மறையும். முப்பது வருஷம். இரண்டு பேருமே அதைக் கவனித்ததில்லை.

"இது நான் வச்ச தப்பு இல்ல," என்று அவர் வாய் முந்திக்கொண்டது.

அவள் தாளை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அப்போ மத்ததெல்லாம்?"

அவர் மோட்டாரை நிறுத்தினார்.

"நாயி?"

"நான்தான்."

"கடிகாரம்? லாரி சக்கரம்?"

"எல்லாம்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தார்; அவள் கழுத்தை நன்றாகத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது, பார்த்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் காது சிவக்கும். சிவந்தது.

"நாப்பது நாளா என்னைப் பைத்தியக்காரி ஆக்கியிருக்கீங்க. உங்களுக்கு மண்டை போச்சுன்னு நான் மகள்கிட்ட அழுதிருக்கேன், தெரியுமா? டாக்டர் நம்பர்லாம் விசாரிச்சு வச்சிருக்கேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க?"

அவர் எழுந்து அலமாரியைத் திறந்து நாற்பது தாள்களையும் எடுத்து அவள் மடியில் வைத்தார். வரிசையாகத் தேதி போட்டு வைத்திருந்தார். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வலது ஓரத்தில் நசுங்கிக் கிடந்த எழுத்து, தாளுக்குத் தாள் மூச்சு வாங்கி இடதுபக்கம் நகர்ந்து வந்தது. அவள் தொழில் தாள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல் தாளுக்குத் திரும்பப் போய் வெகுநேரம் பார்த்தாள்.

"இது என் கையெழுத்தா?"

"ம்."

"இவ்வளவு எடம் வெறுமையா கெடக்குதே, எனக்குத் தெரியவேயில்லையே." குரல் சற்றே உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "போன எடுங்க."

மகளை அழைத்தாள். "ஒரு திருத்தம் சொல்லணும். உங்கப்பாவுக்கு மண்டைல ஒண்ணும் இல்ல. கையும் போகல. நான் சொன்னது தப்பு. நாப்பது நாளு தப்பு. ஏன்னு அப்புறம் சொல்றேன்... அழல, ஜலதோஷம். வை."

போனை வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இடது கையால் பிடித்தாள். பிடியில் இன்னும் பலமில்லை. அவர் அசையாமல் இருந்தார். எத்தனையோ வார்த்தைகள் சொல்லக்கூடிய நேரம் அது. அவள் சொன்னது இதுதான்.

"சரி, அந்தப் பொம்பளைக்கு ஒரு வழி சொல்லுங்க."

பஸ்ஸை நிறுத்துவது அவருக்குப் பெரிய காரியமில்லை. லிஃப்ட் எப்படி மாடியில் நிற்கிறதோ அப்படித்தான். பெல்ட்டைப் புதிதாக மாற்றினார். பஸ்ஸின் காந்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முளை, ஸ்டாப்புக்கு அடியில் ஒரு ஸ்விட்ச், கொஞ்ச நேரம் நிறுத்தி மறுபடி கிளப்பிவிட ஒரு பழைய டைமர். இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் ஓட்டிக் காட்டினார். பஸ் கொட்டகைக்கு முன்னால் அழகாக நின்றது.

"லாரி ஏன் நடுரோட்டுல நிக்குது?"

"பெல்ட்டு ஒண்ணுதானே. பஸ் நின்னா எல்லாம் நிக்கும்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பாக்கறவனுக்கு? அந்த லாரிக்காரனுக்கு ஒரு காரணம் வேணாமா?" முகவாயில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தாள். "லாரியோட காந்தத்த ரெண்டடி முன்னால தள்ளுங்க. கேட்டுக்கு முன்னால வந்து நிக்கும். அதே நேரத்துக்கு ரயில விடுங்க. கேட் மூடியிருந்தா லாரி நிக்கத்தானே செய்யும்?"

"காரு?"

"அது மலைக்குப் பின்னால நிக்கும். யாரு பாக்கப் போறா?"

அவர் காந்தத்தைத் தள்ளிவைத்தார். ரயிலின் நேரத்தைப் பெல்ட்டோடு இணைத்தார். ரயில் குகையிலிருந்து வந்தது, கேட் இறங்கியது, லாரி மரியாதையாக நின்றது. ரயில் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருக்க, இடது கோடியில் சிவப்பு பஸ் அந்தப் பொம்மைக்கு முன்னால் நின்றது. ஒரு பெண் ஏறுவதற்காக ஊரே நின்றமாதிரி இருந்தது, ஆனால் அப்படி என்று யாரும் சொல்லமுடியாதபடி இருந்தது.

"அவ ஏறவே மாட்டாளே," என்றார் லிஃப்ட்காரர். "ஒட்டி வச்சிருக்குல்ல?"

"ஏறுறதும் ஏறாததும் அவ இஷ்டம். நிக்க வேண்டியது பஸ்ஸோட கடமை." அவள் கண் இடது கோடியை விட்டு நகரவில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... என்னங்க, அதுக்குள்ள கெளம்பிடுச்சு! கையில ரெண்டு பை வச்சிருக்கா. பத்து செகண்டாவது குடுங்க."

அவர் மேசைக்கடியில் மல்லாந்து படுத்து, டைமரின் திருகைத் திருப்பினார். மேலே அவள் மறுபடியும் எண்ண ஆரம்பித்திருந்தாள்.